சாவி யார் கையில்?

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. கொடுத்த கடன் திரும்பவில்லை, பங்காளி நிலத்தை வளைத்துக்கொண்டார், வீட்டில் நகை காணாமல் போனது என்று மனக்குறை உள்ளவர்கள் அதை வெள்ளைத்தாளில் எழுதி, பூஜை செய்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். இதற்குப் பிராது கட்டுதல் என்று பெயர். 90 நாளில் நியாயம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. கிடைத்துவிட்டால் மறுபடியும் வந்து பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அதே ஊர்க்காரர் ஒருவர், தான் வாங்கிய காரில் ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் பிராது கொடுக்க இன்னொரு இடமும் இருக்கிறது. கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் அது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்கு அங்கேயே நடக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் உண்டு. காரைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'ஷோரூம் இருக்கும் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்' என்று சொல்லித் தப்பிக்கிற காலம் அன்றோடு முடிந்தது.

விருத்தாசலம் ஷோரூம்களால் பெயர் பெற்ற ஊர் இல்லை. பீங்கான் தொழிற்பேட்டை, ரயில்வே ஜங்ஷன், பழமலைநாதர் கோயில், சுற்றிலும் முந்திரிக்காடு என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் கார் வாங்குபவர்கள் நிறைந்த வட்டாரம். பீங்கான் பட்டறை நடத்துபவர், முந்திரி வியாபாரி, ஆசிரியர், நெய்வேலியில் வேலை பார்ப்பவர் எனப் பலரும் புது வண்டிக்குக் கடலூர் வரை போகிறார்கள்; பழைய வண்டிக்கு உள்ளூர் 'கன்சல்டிங்' கடைகளைத் தேடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் கார் விற்பவருக்கு எங்கெங்கே சட்டப் பொறுப்பு வந்து விழும், அதை எப்படிக் குறைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கவலை மட்டுமல்ல. அவர் ஒழுங்காக இருந்தால் வாங்குபவரும் பிழைப்பார். அவர் அலட்சியமாக இருந்தால், சாலையில் நடந்து போகிற, காருக்குச் சம்பந்தமே இல்லாத ஆள்கூடப் பாதிக்கப்படுவார்.

டீலர்களிடம் காலங்காலமாக ஒரு பதில் உண்டு. "வண்டியை நாங்களா செஞ்சோம்? கம்பெனியைக் கேளுங்க சார்." பழைய சட்டத்தின் கீழ் இது ஓரளவு எடுபட்டது. புதிய சட்டத்தின் 86-ஆவது பிரிவு, தயாரிக்காமல் விற்பனை மட்டும் செய்பவரும் எப்போதெல்லாம் பொறுப்பாவார் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. பொருளை அவர் மாற்றியமைத்து, அந்த மாற்றமே கேட்டுக்குக் காரணமாக இருந்தால் அவர் பொறுப்பு. கம்பெனி கொடுத்த உத்தரவாதத்துக்கு மேல் தானாக ஓர் உத்தரவாதம் கொடுத்து, அது பொய்த்துப்போனால் அவர் பொறுப்பு. விற்கும் முன் சரியாகப் பரிசோதிக்காமல் விட்டாலோ, கம்பெனி சொல்லச் சொன்ன எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டாலோ அப்போதும் அவர்தான் பொறுப்பு.

இரண்டாவதாகச் சொன்னதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மாதக் கடைசியில் இலக்கை எட்ட வேண்டிய அவசரத்தில் விற்பனைப் பையன், "லிட்டருக்கு இருபத்தஞ்சு கண்டிப்பா கொடுக்கும் சார், கொடுக்கலேன்னா வண்டியைக் கொண்டாந்து விட்டுடுங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுகிறான். அந்தச் செய்தி வாங்கியவரின் போனில் அப்படியே இருக்கும். வழக்கு வந்தால் சான்றாகவும் வரும். விற்பனையாளர்கள் எதை எழுதித் தரலாம், எதைத் தரக்கூடாது என்று முதலாளி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் தவிர்த்துவிடக்கூடிய வம்பு இது.

கோவாவில் நடந்த ஒரு வழக்கு, 'கம்பெனியைக் கேள்' என்ற பதிலுக்கு வேறொரு பக்கத்திலிருந்து முற்றுப்புள்ளி வைத்தது. 2011-இல் புதிய கார் வாங்கியவருக்கு டீலர் கொடுத்தது 2009-இல் தயாரான வண்டி. ஏற்கெனவே ஓடிய வண்டி, அடிப்பகுதியில் துரு. நுகர்வோர் மன்றங்கள் டீலரையும் டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தையும் சேர்த்தே பொறுப்பாக்கின. நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தயாரிப்பாளரும் டீலரும் தனித்தனி வியாபாரிகள். ஒருவரிடமிருந்து ஒருவர் விலை கொடுத்து வாங்கி விற்கிறார்கள். நிறுவனத்துக்குத் தெரிந்து நடந்தது என்று காட்டாதவரை, டீலர் தன் இடத்தில் செய்த தவறுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்றது நீதிமன்றம். நிறுவனம் விலகிக்கொண்டது. டீலர்தான் தனியாக நின்றார்.

பீங்கான் தொழிலில் சூளையிலிருந்து வெளிவரும் சரக்கில் கீறல் விழுந்ததையும் நிறம் மங்கியதையும் தனியே பிரித்து, 'செகண்ட்ஸ்' என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பார்கள். வாங்குபவரும் தெரிந்தே வாங்குவார், சண்டை வராது. யார்டில் நெடுநாள் நின்ற காரையும், டெமோவுக்கு ஓடிய காரையும், லாரியிலிருந்து இறக்கும்போது கதவில் அடிபட்டு டிங்கரிங் பார்த்த காரையும் இப்படியே விற்கலாம். தயாரான மாதமும் ஆண்டும், ஓடிய கிலோமீட்டர், செய்த பழுது ஆகியவற்றை விலைப்பட்டியலிலேயே எழுதி, வாங்குபவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டால் தள்ளுபடியோடு விஷயம் முடிந்துவிடும். மறைத்தால்தான் வழக்கு.

தயாரிப்பாளருக்கே சூடு விழுந்த வழக்கும் உண்டு. 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் ஒரு ஹூண்டாய் க்ரெட்டா விபத்தில் சிக்கியது, ஏர்பேக் விரியவில்லை. ஓட்டியவருக்குத் தலையிலும் நெஞ்சிலும் பல்லிலும் காயம். மோதலின் விசை போதாததால் ஏர்பேக் விரியவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். மோதும் வேகத்தையும் விசையையும் இயற்பியல் கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டியது நுகர்வோரின் வேலை இல்லை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டோடு, காரை மாற்றித் தரவேண்டும் என்ற உத்தரவையும் உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு டீலரும் தன் ஆக்சசரீஸ் பிரிவை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். காரணம் இருக்கிறது. பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையின் ஓரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதன்மேல் தடித்த சீட் கவரை இறுக்கித் தைத்துப் போட்டால், விரிய வேண்டிய நேரத்தில் அது தடுக்கும். முன்னால் மாட்டும் இரும்பு பம்பர், மோதலின் விசை சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தையே மாற்றிவிடும். அதைத் தடுக்கச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. கூடுதல் விளக்குக்காக ஒயரை வெட்டி ஒட்டுவது, கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது எல்லாம் இதே வரிசைதான். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. வாங்குபவரே வற்புறுத்திக் கேட்டார் என்பது நல்ல பதிலாகாது. வாகனத்தை விதிக்கு மாறாக மாற்றி விற்கும் டீலருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவு. ஒரு செட் சீட் கவரில் கிடைக்கும் லாபத்துக்காக, ஏர்பேக் வழக்கில் தயாரிப்பாளர் நிற்க வேண்டிய இடத்தில் டீலர் போய் நிற்பது வியாபாரமே இல்லை.

காகிதத்தில் வரும் ஆபத்து இப்படி. கண்ணெதிரே நடக்கும் ஆபத்து வேறு.

2025 செப்டம்பரில் டெல்லி நிர்மாண் விஹாரில் ஒரு ஷோரூமின் முதல் மாடியில் புதிய மஹிந்திரா தார் வண்டிக்குப் பூஜை நடந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். வாங்க வந்த பெண் பழத்தை நசுக்க மெல்ல நகர்த்துவதாக நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்திவிட, கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு வண்டி கீழே தெருவில் விழுந்தது. அவர் இறந்துவிட்டார் என்றுகூட வதந்தி கிளம்பி, தான் உயிரோடு இருப்பதாக அவரே காணொலி போட்டுச் சொல்ல வேண்டி வந்தது. எலுமிச்சம்பழம் வைக்காமல் கார் எடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் அனேகமாக இல்லவே இல்லை. வழக்கத்தில் குற்றமில்லை. முதல் மாடியில், கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி, வண்டிக்குப் புதியவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து இன்ஜினை இயக்க விட்டதுதான் குற்றம். ஓட்டிப் பழகியது பழைய கியர் வண்டியாக இருக்கும். வாங்கியது ஆட்டோமேட்டிக்காக இருக்கும். கிளட்ச் இல்லாத காரில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே வண்டி நகரும் என்பது முதல் நாளில் யாருக்கும் உறைக்காது. பூஜையைத் தரைத்தளத்தில், வெட்டவெளியில் வைத்து, பழத்தின்மேல் ஏற்றும் வேலையைத் தன் டிரைவரிடமே கொடுத்துவிடுகிற டீலருக்கு ஒரு பைசா செலவில்லை.

டெஸ்ட் டிரைவிலும் இதே கதை. சாவியை நீட்டுமுன் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று பல விற்பனையாளர்கள் கூச்சப்படுகிறார்கள். உள்ளூரில் தெரிந்த மனிதர், ஊர்ப் பெரியவர், "தம்பி, என்னையா லைசென்ஸ் கேக்குற?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மேலே பேச்சு எழாது. பெரியவர் ஓட்டமாட்டார், பின்னால் நிற்கிற பதினேழு வயது மகன் ஓட்டுவான். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தாலே 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. ஓட்டிய சிறுவன் குற்றம் செய்துவிட்டால், 199-ஏ பிரிவின்படி வண்டியின் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. டெஸ்ட் டிரைவ் நேரத்தில் உரிமையாளர் டீலர்தான். இன்சூரன்ஸ் கம்பெனியும் முதலில் கேட்பது உரிமத்தைத்தான்.

பதிவு எண் இல்லாத வண்டியைச் சாலையில் இறக்க டீலருக்கு இருக்கும் ஒரே அனுமதி, ஆர்.டி.ஓ. தரும் டிரேட் சர்டிபிகேட். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அந்த எண் வண்டியில் இருக்க வேண்டும். டெஸ்ட் டிரைவ், பழுது பார்ப்பு, பதிவுக்குக் கொண்டுபோவது போன்ற வேலைகளுக்குத்தான் அது செல்லும். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த வண்டி போகக்கூடாது. இன்சூரன்ஸிலும் 'மோட்டார் டிரேட்' என்று டீலர்களுக்கென்றே தனி பாலிசி வகைகள் உண்டு. சாலையில் ஓடும்போது நேரும் விபத்துக்கு ஒன்று. யார்டுக்குள்ளும் பட்டறைக்குள்ளும் நேரும் சேதத்துக்கு வேறொன்று. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது, விபத்து நடந்த அன்றுதான் தெரியவரும் தவறு.

ஆடி மாதம் முழுக்க வெறிச்சோடிக் கிடக்கும் ஷோரூம், ஆவணி பிறந்ததும் நிரம்பும். ஆயுத பூஜை, தீபாவளி, தை முதல் தேதி என்று நாள் குறித்துக்கொண்டு வருவார்கள். "நல்ல நேரம் 10.30-க்கு முடியுது, நம்பர் அப்புறம் வரட்டும், வண்டியைக் குடுங்க" என்று நிற்பார்கள். அந்த நிமிடத்தில் ஆமாம் சொல்லத் தோன்றும். மத்திய மோட்டார் வாகன விதி 42 அதைத் தடுக்கிறது: நிரந்தரப் பதிவோ தற்காலிகப் பதிவோ இல்லாமல் டீலர் வண்டியை ஒப்படைக்கவே கூடாது. பதிவுக்கு விண்ணப்பிக்கத் தவறும் டீலருக்கு, ஆண்டு வரியைப் போல் 15 மடங்கு அல்லது முழு ஆயுட்கால வரி, இரண்டில் எது அதிகமோ அதை அபராதமாக வைக்கிறது 2019-இல் வந்த சட்டத்திருத்தம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள புதிய காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். 9 லட்சம் ரூபாய் கார் என்றால் 1,17,000 ரூபாய். அபராதம் அங்கிருந்துதான் தொடங்கும்.

பதிவில்லாத வண்டியால் வாங்கியவருக்கு வரும் நஷ்டம் இன்னும் பெரிது. ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் 2011-இல் பொலிரோ வாங்கினார். தற்காலிகப் பதிவு அந்த ஜூலையில் காலாவதியானது. சில நாட்களில் ஜோத்பூரில் அவர் தங்கியிருந்த விடுதிக்கு வெளியே நிறுத்திய வண்டி திருடு போனது. இன்சூரன்ஸ் இருந்தது, பிரீமியம் கட்டியிருந்தது, ஆனால் பதிவு இல்லை. பத்தாண்டு வழக்குக்குப் பிறகு, 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. வண்டி, பணம் இரண்டும் போயின. தற்காலிகப் பதிவு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை டெலிவரி நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, முடியும் முன் நினைவூட்டிவிட்டால் டீலர் இரண்டு பேரைக் காப்பாற்றுகிறார். அந்த இருவரில் ஒருவர் அவரே.

சர்வீஸுக்கு வரும் வண்டியிடம் வருவோம். ஜாப் கார்டின் அடியில் பொடி எழுத்தில், வண்டி உரிமையாளரின் பொறுப்பிலேயே இங்கு நிறுத்தப்படுகிறது என்று அச்சடித்திருப்பார்கள். அந்த வரியை நம்பி யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. 1998-இல் டெல்லி தாஜ் மகால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர், தன் மாருதி ஜென் காரின் சாவியை வாலட் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது வேறு யாரோ அந்தக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பார்க்கிங் டோக்கனில் 'உங்கள் சொந்தப் பொறுப்பில்' என்று அச்சாகியிருந்தது. இருந்தும், சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைத் தன் வசம் எடுத்தவர் தன் அலட்சியத்துக்கு ஒரு வாசகத்தைப் போட்டுத் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதன் வேர் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. பிறர் பொருளைத் தன் கையில் வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. ஹோட்டலுக்குச் சொன்னது சர்வீஸ் சென்டருக்கும் பொருந்தும். இரவில் சாவிகளை ஆணியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் போவதும், 'ட்ரையல் பார்க்கிறேன்' என்று மெக்கானிக் வண்டியை டீக்கடைக்கு எடுத்துப் போவதும் இந்த அளவுகோலில் தேறாது.

கடலூர் மாவட்டத்தில் இதற்கு மழைக்கால முகமும் உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் முந்திரிக்காடுகளை வேரோடு சாய்த்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2015 நவம்பர் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயல் என்று அடுத்தடுத்து அடி விழுந்தது. உரிய கவனம் எடுத்த பிறகும் சேதம் வந்தால் பொறுப்பில்லை என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 152-ஆவது பிரிவு விலக்குக் கொடுக்கிறது. ஆனால் 'கவனம் எடுத்தேன்' என்று காட்ட வேண்டுமே. வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த பிறகும் வாடிக்கையாளர் வண்டிகளைத் தாழ்வான யார்டில் விட்டவருக்கு அந்த விலக்கு கிடைப்பது கடினம். எந்த நேரத்தில் எந்த வண்டியை எந்த மேட்டுக்கு மாற்றினோம் என்ற குறிப்பும், நான்கு புகைப்படங்களும் அன்றைய இரவுக்கு அவருக்குப் பெரிய துணை.

இனிதான் விஷயத்தின் கனமான பகுதி: பழைய கார்.

2022 அக்டோபர் 23 அதிகாலை கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் எதிரே ஒரு மாருதி 800 வெடித்துச் சிதறியது. ஓட்டி வந்தவர் இறந்தார். யாருடைய கார் என்று போலீஸ் தேடத் தொடங்கியபோது, அது பல கைகள் மாறி வந்திருந்தது. முதலில் வாங்கியவரிடமிருந்து ஒவ்வொருவராக விசாரித்துத்தான் கடைசி ஆளை அடைந்தார்கள். 2025 நவம்பர் 10-இல் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் அப்படித்தான்; எப்போதோ விற்றுவிட்டு மறந்துபோன ஒருவரின் வாசலில்தான் போலீஸ் முதலில் போய் நின்றது.

வெடிகுண்டு அபூர்வம். விபத்து அன்றாடம். 2009 மே மாதம் ரிவர்ஸில் வேகமாக வந்த கார் ஒன்று நடந்து போன ஒரு பெண்ணையும் அவர் உறவுக்காரப் பையனையும் மோதியது, பையன் இறந்துவிட்டான். காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயருக்கு உரியவர் 2007-லேயே காரை விற்றுவிட்டவர். அதற்குப் பிறகு அது வரிசையாகப் பல பேரிடம் போயிருந்தது. யாருமே பெயர் மாற்றவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பழைய கார் விற்ற ஒவ்வொருவரையும் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டியது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவரே தரவேண்டும். விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர், கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பது அதன் நியாயம். கடுமையான தீர்ப்புதான். ஆனால் இறந்த பையனின் வீட்டிலிருந்து பார்த்தால் வேறு எந்தத் தீர்ப்பும் சரியாக இருக்காது.

நம் ஊர்க் கன்சல்டிங் கடைகளில் நடப்பதை நினைத்துப் பார்க்கலாம். விற்பவர் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பார். வாங்குபவர் இடம் காலியாக இருக்கும். கடைக்காரர் அதை மேஜை டிராயரில் வைத்திருப்பார். ஆள் கிடைத்ததும் பெயரை நிரப்பிக்கொள்ளலாம் என்பது கணக்கு. இடையில் தன் பெயருக்கு மாற்றினால் செலவு, ஆர்.சி.யில் ஓர் உரிமையாளர் கூடினால் விலை குறையும். விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு சொல்கிறது. கார் விற்காமல் ஆறு மாதம் கடையிலேயே நின்றால்? அந்த ஆறு மாதமும் காரின் சாவி ஒருவரிடம், பெயர் இன்னொருவரிடம்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2022 டிசம்பரில் மத்திய அரசு புதிய விதிகள் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி வாங்கி விற்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டியை அவர் கையில் ஒப்படைத்ததை விற்பவரும் அவரும் சேர்ந்து, 29-சி என்ற படிவத்தில் இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். ஒப்புகை எண் வந்த நிமிடத்திலிருந்து, அந்த வண்டிக்குச் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் டீலரே. பெயர் மாற்றம், எஃப்.சி. புதுப்பித்தல், தொலைந்த ஆர்.சி.க்கு நகல், என்.ஓ.சி. ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். பழைய உரிமையாளரைக் கையெழுத்துக்காகத் துரத்த வேண்டாம். பதிலுக்கு, வண்டி எதற்காக எங்கே போனது, யார் ஓட்டினார், எத்தனை கிலோமீட்டர் என்று மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும்.

இதைச் சுமையாகப் பார்க்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அவர்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு கவசம். வண்டி எந்தத் தேதியில், எந்த மணியில் தன் கைக்கு வந்தது என்ற அரசு ஒப்புகை கையில் இருந்தால், அதற்கு முன் அந்தக் கார் செய்த எந்தக் காரியத்துக்கும் அவரை இழுக்க முடியாது. விற்றவருக்கும் அதே எண் போதும்; இரவில் போலீஸ் கதவைத் தட்டினால் காட்டலாம். விருத்தாசலத்தில் கார் விற்கப் போகிறவர் கடைக்காரரிடம் விலைக்கு அடுத்தபடி கேட்க வேண்டிய கேள்வி, அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29-சி போடுவீர்களா என்பதுதான். ஹைப்போத்திகேஷன் நீக்காத வண்டி, பழைய சலான் நிலுவை உள்ள வண்டி, கம்பெனி திரும்ப அழைத்தும் போகாத வண்டி ஆகியவற்றை வாங்கும்போதே பரிவாஹன் தளத்திலும் கம்பெனியின் தளத்திலும் பார்த்துவிட்டால் விற்கும்போது வாய் குளற வேண்டியதில்லை. டக்காட்டா ஏர்பேக் கோளாறு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க வைத்தது. அப்படிப்பட்ட அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குத்தான் போகும். மூன்றாவதாக வாங்கியவருக்குக் கடைக்காரர் சொன்னால்தான் உண்டு.

மற்ற சில ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேட்டரி வண்டி விற்கும் இடங்களில் தீ. 2022 செப்டம்பர் 12-இல் செகந்திராபாத்தில் மின் ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த விடுதிக்குப் பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். 2024 நவம்பரில் பெங்களூரு ராஜாஜிநகர் ஷோரூம் தீயில் இறந்தது அங்கே வேலை பார்த்த 20 வயதுப் பெண். சார்ஜ் ஏறும் இடமும் வெளியேறும் வழியும் ஒரே பக்கம் இருக்கக்கூடாது; மாடியில் ஆட்கள் தூங்கும் கட்டடத்தின் அடியில் பேட்டரி வண்டி கடையே கூடாது. பணம் வாங்குவதிலும் எல்லை உண்டு: ஒரு விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகலாம். முந்திரி சீசனில் கட்டுக்கட்டாகக் கொண்டு வருபவரிடம் இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். தங்களிடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று வாங்குபவரை நெருக்கக்கூடாது என்று 2017-லேயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் டீலர்களுக்கு விதி போட்டுவிட்டது.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒருநாள் தபாலில் நோட்டீஸ் வரலாம். அப்போது செய்கிற தவறுதான் பல டீலர்களுக்கு மிகவும் செலவு வைக்கிறது: மேனேஜர் அதை வாங்கி ஒரு ஃபைலில் வைத்துவிட்டு, கம்பெனியின் ஏரியா ஆபீசுக்கு அனுப்பியாயிற்று, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறார். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். கூடுதலாக 15 நாள் கேட்டுப் பெறலாம். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. 46-ஆம் நாள் எவ்வளவு நல்ல ஆதாரத்தோடு போனாலும் பதில் ஏற்கப்படாது. வாங்கியவர் சொன்னதை மட்டும் வைத்தே வழக்கு நடக்கும். நோட்டீஸ் வந்த அன்றே தேதி முத்திரை வைத்து, ஜாப் கார்டு, டெலிவரி நோட்டு, கையெழுத்திட்ட விலைப்பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் ஒரே உறையில் சேர்க்க ஓர் ஆளை நியமித்திருக்கும் டீலருக்கு இந்தப் பயம் இல்லை. பேசித் தீர்க்க முடிகிற வழக்கு என்று தோன்றினால், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்த பிறகு ஆணையமே அதைச் சமரசத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தச் சம்மதத்தைத் தெரிவிக்க ஆணையம் தரும் அவகாசம் ஐந்து நாள்.